ஆட்டிசமும் நம் குடும்பங்களும்: ஆய்வுக்குப் பின்னால் நின்றவர்கள்

(பொன்விழாக் குடும்ப தினத்தில் இளைஞர் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

இந்தக் கூட்டத்தில் இளைஞர் பிரிவுக்கும் சிறிது நேரம் ஒதுக்கிய நிர்வாகத்தினருக்கு எங்கள் நன்றி. சங்கத்தின் வரலாற்றைப் பேச எங்களைவிடத் தகுதியான பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆகவே நம் குடும்பங்களில் இருந்தும் நம் கூட்டங்களில் பேசப்படாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டோம். அதுதான் ஆட்டிசம். தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள்.

நாங்கள் மருத்துவர்கள் அல்லர். எங்களில் பெரும்பாலோர் கடை நடத்துபவர்கள், சரக்கு வாங்கி விற்பவர்கள். மருத்துவ ஆலோசனை சொல்ல நாங்கள் வரவில்லை. இந்தத் துறையில் இன்று உள்ள அறிவு எப்படிக் கிடைத்தது, அதற்காக உழைத்தவர்கள் யார் என்று படித்துத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறோம். அந்த வரலாறு தெரிந்தால், நம் வீடுகளில் ஒரு தாயின் தலையில் ஏற்றப்படும் பெரிய பாரம் இறங்கும் என்று நம்புகிறோம்.

முதலில் ஆட்டிசம் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அது தொற்றிக்கொள்ளும் நோய் இல்லை. பிறப்பதற்கு முன்பே தொடங்கும் மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு. பேச்சு, பார்வை, முகபாவம் இவற்றின் வழியாக மற்றவரோடு பழகுவது இந்தப் பிள்ளைகளுக்கு வேறு விதமாக அமைகிறது. ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதும், வழக்கம் மாறினால் கலங்கிப்போவதும் உண்டு. ஒலி, வெளிச்சம், தொடுதல், மணம் சிலரை மிகையாகத் தாக்கும். நமக்குச் சாதாரணமாகக் கேட்கும் ஒலிபெருக்கி அந்தப் பிள்ளைக்குத் தாங்க முடியாத வலியாக இருக்கலாம். சிலர் வாழ்நாள் முழுவதும் பேசுவதில்லை. சிலர் பட்டம் பெற்று வேலைக்குப் போகிறார்கள்.

சிங்கப்பூரில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, 150 பிள்ளைகளில் ஒருவர். அப்படியானால் நம் உறுப்பினர் குடும்பங்களிலும் இருக்க வேண்டும். இருக்கிறார்கள். ஆனால் நோன்பு திறப்பிலும் பெருநாள் ஒன்றுகூடலிலும் கல்யாண விருந்திலும் அவர்களைக் காண்பது அபூர்வம். ஏன் என்று அந்தத் தாய்மார்களிடம் கேட்டால் பதில் ஒன்றுதான். கூட்டத்தில் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கியதும் கேள்விகள் வருகின்றன. "வயிற்றில் இருக்கும்போது என்ன சாப்பிட்டாய்?" "சின்ன வயதிலேயே போனைக் கையில் கொடுத்துவிட்டாயா?" "நீ வேலைக்குப் போனதால்தானே இப்படி?" "யாராவது கண் வைத்துவிட்டார்களா?" அத்தாவிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. எல்லாக் கேள்வியும் தாய்க்குத்தான். இரண்டு முறை கேட்ட பிறகு மூன்றாம் முறை அவர் வருவதில்லை.

இது நம் சமூகத்துக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களே ஒரு காலத்தில் இதே கேள்வியைத் தாய்மாரிடம் கேட்டன. அந்தக் கதையைச் சொல்கிறோம்.

1938ஆம் ஆண்டு, மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் வாழ்ந்த ஒரு வழக்கறிஞர், பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த குழந்தை மனநல மருத்துவர் லியோ கானருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். தம் ஐந்து வயது மகன் டோனல்டைப் பற்றி அவர் எழுதியிருந்தது 33 பக்கம். 1943இல் கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தைத் தனியாக இனங்கண்டு உலகுக்குச் சொன்னது. அதில் முதல் பிள்ளை டோனல்ட். அந்தப் பகுதி பெரிதும் அந்தத் தந்தையின் கடிதத்தின்மேல் எழுப்பப்பட்டது. பெயர் வைத்தவர் மருத்துவர்; பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்தவர்கள் பெற்றோர்.

ஆனால் அதற்குப் பின் நடந்தது வேறு. இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பாசம் குறைந்தவர்களாகத் தெரிகிறார்கள் என்று கானர் எழுதினார். மற்றவர்கள் அதைப் பெரிதாக்கினார்கள். குளிர்சாதனப் பெட்டியைப் போன்ற தாய் என்று ஒரு பட்டப்பெயரே பரவியது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் புரூனோ பெட்டல்ஹைம், தாயின் அன்பின்மையே பிள்ளையை உள்ளுக்குள் ஒடுங்க வைக்கிறது என்று வாதிட்டார். 1967இல் அவர் எழுதிய நூல் நன்றாக விற்றது. பிள்ளையை வீட்டிலிருந்து பிரிப்பதே மருந்து என்று நம்பப்பட்டது. பிள்ளைக்கு உதவி கேட்டு வந்த தாய், குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார்.

அந்தக் கூண்டை உடைத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பெர்னார்ட் ரிம்லண்ட். கலிஃபோர்னியாவில் கடற்படையில் வேலை பார்த்த உளவியலாளர். 1956இல் பிறந்த அவருடைய மகன் மார்க் ஓயாமல் அழுதான். யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. இப்படி ஒரு பிள்ளையைப் பற்றிக் கல்லூரியில் படித்திருக்கிறோமே என்று அவருடைய மனைவி குளோரியா நினைவுபடுத்த, பழைய பாடப் புத்தகங்களைத் தேடி எடுத்தார்கள். ஆட்டிசம் என்ற சொல்லை ரிம்லண்ட் அங்கேதான் கண்டார். அதற்குப் பின் கிடைத்த ஆய்வுகளை எல்லாம் ஓய்வு நேரத்தில் படித்தார். தாய்தான் காரணம் என்பதற்குச் சான்று தேடினார், கிடைக்கவில்லை. உடலியல் சார்ந்த காரணம் இருக்க வேண்டும் என்று 1964இல் நூல் எழுதினார். அதற்கு முன்னுரை தந்தவர் கானரே. மறு ஆண்டு பெற்றோர் பலரும் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1969இல் அந்தச் சங்கத்தின் மாநாட்டில் கானர் நேரில் வந்து, பெற்றோர் மீது குற்றமில்லை என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார்.

சொன்னால் போதாது, சான்று வேண்டும் அல்லவா? அந்தச் சான்று லண்டனிலிருந்து வந்தது. 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் என்ற இருவர் 21 இரட்டைப் பிள்ளை ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் குறைந்தது ஒருவருக்கு ஆட்டிசம். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் 11 ஜோடி. அவர்களில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவாக வளர்ந்த இரட்டையர் 10 ஜோடி. அவர்களில் ஒரு ஜோடியில்கூட இருவருக்கும் இல்லை. எல்லா ஜோடிகளும் ஒரே தாய், ஒரே வீடு, ஒரே வளர்ப்பு. வளர்ப்புதான் காரணம் என்றால் இந்த வேறுபாடு வந்திருக்க முடியாது. மரபணுவின் பங்கு பெரிது என்பதைப் பின்னால் வந்த எத்தனையோ ஆய்வுகள் உறுதி செய்தன.

தாயைக் குற்றம் சொல்வது வேறு வடிவத்தில் திரும்பவும் வந்தது. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர், 12 பிள்ளைகளை வைத்து, தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று லான்செட் இதழில் எழுதினார். 2010இல் அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6 லட்சத்து 57 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவு, அந்தத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று சொன்னது. "ஊசி போட வைத்தேனே" என்று தன்னையே நொந்துகொள்ளும் தாய் நம் வீடுகளில் இருந்தால், இந்தச் செய்தியை அவரிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.

அடுத்து லண்டனின் லோர்னா விங் அம்மையார். அவர் மனநல மருத்துவர். ஆட்டிசம் உள்ள ஒரு மகளுக்குத் தாய். 1962இல் மற்றப் பெற்றோரோடு சேர்ந்து பிரிட்டனின் ஆட்டிசம் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு ஜூடித் கூல்டு என்பவருடன் தெற்கு லண்டனின் கேம்பர்வெல் பகுதியில், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடையே ஆய்வு நடத்தி 1979இல் முடிவை வெளியிட்டார். கானர் வகுத்த இலக்கணத்துக்குள் அடங்காமல், ஆனால் அதே வகைத் தடுமாற்றங்களோடு, பல பிள்ளைகள் எந்த உதவியும் இல்லாமல் இருப்பதைக் கண்டார்கள். ஆட்டிசம் என்பது ஒரே அச்சில் வார்த்தது அன்று, அது பல நிறங்கள் கொண்ட ஒரு தொடர் என்ற இன்றைய கருத்து அங்கிருந்து வளர்ந்தது. இப்போது எண்ணிக்கை கூடியிருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு இதில் ஒரு பதில் உண்டு. முன்பு கணக்கில் வராதவர்கள் இப்போது கணக்கில் வருகிறார்கள்.

எங்கள் மனத்தை மிகவும் தொட்டவர் எரிக் ஷோப்லர். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளின் கொடுமையிலிருந்து தப்பி 1938இல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர். பெட்டல்ஹைம் கோலோச்சிய அதே சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்தும், அவருடைய கருத்தை ஏற்கவில்லை. 1964இல் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலியாடுகளாக ஆக்கப்படுகிறார்கள் என்று 1971இல் கட்டுரை எழுதினார். ஒரு சாரார்மேல் எல்லாப் பழியையும் சுமத்துவது எப்படி நடக்கும் என்பதைச் சிறு வயதில் கண்ணால் பார்த்தவர் அவர்.

1966இல் ஷோப்லரும் ராபர்ட் ரைக்லரும் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பெற்றோரை நோயாளியாக நடத்தாமல், தங்களோடு வேலை செய்யும் கூட்டாளியாக நடத்தினார்கள். ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் பெற்றோர் அமர்ந்து, ஆசிரியர் பிள்ளைக்குக் கற்பிப்பதைப் பார்ப்பார்கள். பிறகு பெற்றோர் கற்பிக்க, ஆசிரியர் பார்ப்பார். பிள்ளையைப் பற்றி அதிகம் தெரிந்தவர் பெற்றோர், கற்பிக்கும் முறை தெரிந்தவர் ஆசிரியர் என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். மத்திய அரசின் ஆய்வுப் பணம் ஐந்து ஆண்டில் முடிய இருந்தது. அப்போது பெற்றோர்கள் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போய்த் தங்கள் பிள்ளைகளுக்காகப் பேசினார்கள். 1972இல் வட கரோலினா சட்டம் இயற்றி அந்தத் திட்டத்தை மாநிலம் முழுவதற்கும் நிரந்தரமாக்கியது. டீச் என்ற பெயரில் இன்று உலகெங்கும் தெரிந்த திட்டம் அதுதான்.

அவர்கள் கற்பித்த முறை எளிமையானது. பிள்ளைக்கு வாயால் பத்து முறை சொல்வதைவிடப் படமாகக் காட்டுங்கள். இன்று என்னென்ன நடக்கும் என்று வரிசையாகப் படம் ஒட்டுங்கள். முடிந்த வேலையைப் போட ஒரு பெட்டி வையுங்கள். அடுத்து என்ன என்று தெரிந்தால் பிள்ளையின் பதற்றம் குறையும். வட கரோலினாவில் தொடங்கிய இந்தப் படவரிசை இன்று எத்தனையோ நாடுகளின் வகுப்பறைச் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கிறது.

இதற்கெல்லாம் வசதி படைத்த நாடு வேண்டும் என்று நினைக்க வேண்டாம். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜொனதன் கிரீன் குழுவினர், பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதைப் படம் பிடித்து, அதைப் பெற்றோரோடு சேர்ந்து பார்த்து, பிள்ளை சொல்ல வருவதைக் கவனிக்கப் பழக்கும் முறையை 152 பிள்ளைகளிடம் சோதித்தார்கள். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அதன் பயன் தெரிந்தது. இதே முறையைச் சிறிது மாற்றிக் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளிடம் சோதித்து 2016இல் முடிவு வெளியிட்டார்கள். அங்கே வீடுகளுக்குப் போனவர்கள் மருத்துவர்கள் இல்லை; பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் பிள்ளைக்கு ஈடுகொடுப்பது கூடியது. பிள்ளை தானே முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியது.

இன்னும் ஒரு சாராரைச் சொல்லாமல் விட முடியாது. ஆட்டிசம் உள்ளவர்களே இன்று ஆய்வாளர்களாக இருக்கிறார்கள். பிரிட்டனின் டேமியன் மில்டன் அப்படிப்பட்ட ஒரு சமூகவியலாளர். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரியவில்லை என்கிறீர்களே, உங்களுக்கு அவரைப் புரிகிறதா என்று 2012இல் கேட்டார். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எட்டு எட்டுப் பேராக நிற்க வைத்து ஒரு கதையை ஒருவர் மற்றவருக்குச் சொல்ல வைத்தார்கள். எட்டுப் பேரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசையிலும், எட்டுப் பேரும் இல்லாதவர்களாக இருந்த வரிசையிலும் கதை ஒரே அளவு நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இரு சாராரும் கலந்த வரிசையில்தான் கதை அதிகம் தேய்ந்தது. ஆக, இடைவெளி இரு பக்கமும் இருக்கிறது. நாமும் பாதி தூரம் நடக்க வேண்டும்.

அன்பானவர்களே, இவர்கள் எல்லாரையும் ஏன் வரிசையாகச் சொன்னோம்? ஒரு தந்தை கடிதம் எழுதினார். ஒரு தாய் பாடப் புத்தகத்தை நினைவுபடுத்தினார். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஆய்வாளரை வீட்டுக்குள் விட்டார்கள். வட கரோலினாவில் பெற்றோர் சட்டமன்றப் படி ஏறினார்கள். பிள்ளையை வீட்டுக்குள் மறைத்து வைத்திருந்தால் இந்த அறிவு பிறந்திருக்காது. அவர்கள் வெளியே வந்தபோது, காது கொடுத்துக் கேட்கச் சிலர் பல்கலைக்கழகங்களில் இருந்தார்கள். நம் குடும்பங்கள் வெளியே வந்தால் கேட்பதற்கு நாம் இருக்கிறோமா என்பதே இன்றைய கேள்வி.

நம் மார்க்கம் இதில் நமக்குத் தெளிவாக வழி காட்டியிருக்கிறது. பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது தேடி வந்தார்கள். அந்த நிகழ்ச்சியைக் குறித்து அபஸ என்ற அத்தியாயம் இறங்கியது. தேடி வந்த அந்தத் தோழரையே முதலில் கவனிக்க வேண்டும் என்பது அதன் படிப்பினை. பிற்காலத்தில் அவர்கள் முஅத்தினாக இருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பையும் ஏற்றார்கள். ஓதிப் பார்ப்பதையும் துஆ கேட்பதையும் நாங்கள் குறை சொல்லவில்லை. துஆவைக் கைவிடாமல் மருத்துவமனைக்கும் போவோம் என்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைப்பதுதானே நமக்குக் கற்பிக்கப்பட்டது?

இளைஞர் பிரிவின் சார்பில் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, தாயிடம் கேட்கும் கேள்வியை மாற்றுவோம். "என்ன சாப்பிட்டாய்?" என்பதற்குப் பதிலாக, "நான் என்ன செய்யட்டும், பெரியவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளவா?" என்று கேட்போம்.

இரண்டாவது, பிள்ளையின் பேச்சிலோ பழக்கத்திலோ பெற்றோருக்குச் சந்தேகம் வந்தால், "ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்" என்று தள்ளிப்போடச் சொல்லாதீர்கள். பலதுறை மருந்தகத்தில் சொன்னால், கேகே மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ அனுப்பிவைப்பார்கள். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரசாங்க ஆதரவோடு ஆரம்பநிலை உதவித் திட்டம் இருக்கிறது. பாத்லைட் போன்ற பள்ளிகளும் இருக்கின்றன. 2004இல் தொடங்கிய அந்தப் பள்ளியின் பின்னாலும் பெற்றோரின் உழைப்பு இருக்கிறது. படிவம் நிரப்பவும் கூடப் போகவும் துணை வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது, சங்கத்தின் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒலிபெருக்கி எட்டாத ஓர் அமைதி அறை வேண்டும். நிகழ்ச்சி நிரலைப் படவரிசையாக அச்சிட்டு அந்தக் குடும்பங்களுக்கு முன்கூட்டியே அனுப்புவோம். உணவுக்கு அவர்களை வரிசையில் நிற்க வைக்க வேண்டாம். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. முதல் ஆண்டுச் செலவை இளைஞர் பிரிவே ஏற்கிறது.

நான்காவது, இது நம் வியாபாரிகளுக்கு. முன்பு சொன்ன டோனல்டை நினைவில் வையுங்கள். சிறுவனாக இருந்தபோது ஒரு விவசாயியின் வீட்டில் வளர்ந்தார். எதையும் எண்ணிக்கொண்டே இருப்பது அவர் பழக்கம். சோளப் பாத்திகளை எண்ணாதே என்று அந்த விவசாயி தடுக்கவில்லை. உழுதுகொண்டே எண்ணு என்று கலப்பையைக் கையில் கொடுத்தார். டோனல்ட் வளர்ந்து சொந்த ஊர் வங்கியில் பல்லாண்டு வேலை பார்த்தார், உலகம் சுற்றினார், 89 வயது வரை வாழ்ந்து 2023இல் மறைந்தார். ஊரார் அவரைத் தங்களில் ஒருவராக வைத்துக்கொண்டார்கள். நம் கடைகளில் சரக்கு எண்ணுவது, விலைச்சீட்டு ஒட்டுவது, அடுக்குவது, பொட்டலம் கட்டுவது என்று ஒழுங்கும் கவனமும் வேண்டிய வேலைகள் எவ்வளவோ இருக்கின்றன. வேலையைப் படமாக எழுதி ஒட்டி, ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்லி, ஓர் இளைஞருக்கு வாய்ப்புக் கொடுத்துப் பாருங்கள். வழிகாட்ட எஸ்ஜி எனேபிள் அமைப்பு இருக்கிறது. சம்பளம் மற்றவருக்கு உள்ளதுபோலவே இருக்கட்டும்.

ஐந்தாவது, இங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குடும்பங்களைத் தேடி வந்தால் நம் கதவு மூடியிருக்க வேண்டாம். கலந்துகொள்வதும் மறுப்பதும் அந்தக் குடும்பத்தின் உரிமை. ஆனால் படிவத்தைத் தமிழில் விளக்கிச் சொல்வது சங்கத்தின் வேலையாக இருக்கட்டும். நம் மொழி பேசும் வீடுகள் ஆய்வில் இல்லாவிட்டால், நம் பிள்ளைகளுக்குப் பொருந்தும் உதவியும் பின்தங்கிவிடும்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால், கையில் காசில்லாத நேரத்தில், ஊரிலிருந்து வந்தவர்களுக்குத் தங்க இடமும் மையித்துக்கு உதவியும் வேண்டும் என்று நம் பெரியவர்கள் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். யாரும் தனியாக நிற்கக் கூடாது என்பதே அவர்கள் எண்ணம். இன்று நம்மில் தனியாக நிற்பவர்கள் இந்தக் குடும்பங்கள். அடுத்த பெருநாள் ஒன்றுகூடலில் அவர்களுக்கான நாற்காலிகள் நிரம்பியிருக்க வேண்டும்.

வல்ல அல்லாஹ் அந்தப் பெற்றோருக்குப் பொறுமையையும் உடல் பலத்தையும் தருவானாக. அந்தப் பிள்ளைகளுக்கு நல்வாழ்வையும், நமக்கு அவர்களைப் புரிந்துகொள்ளும் உள்ளத்தையும் தருவானாக. ஆமீன்.

 வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். அஸ்ஸலாமு அலைக்கும்.